படத்தில் இல்லாத சமையலறை

தம்பி,

இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது என்றால், வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் பச்சை ஃபைலை நீ திறந்திருக்கிறாய். எதற்காகத் திறந்தாய் என்று இங்கே உட்கார்ந்து என்னால் ஊகிக்க முடியவில்லை. மாடி எழுப்ப நினைத்திருப்பாய், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அறை சேர்க்க நினைத்திருப்பாய், அல்லது இந்தச் சரிவு நிலமே வேண்டாம் என்று விற்கத் தீர்மானித்திருப்பாய். எதுவானாலும் ஏதோ ஒரு அலுவலகத்தின் படி ஏறப் போகிறாய். ஏறுவதற்கு முன் ஃபைலில் இருக்கும் இரண்டு வீட்டுப் படங்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள். ஒன்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் ஸ்கேல் வைத்து வரைந்தது; கோணல்மாணலாக இருக்கும், ஒரு மூலையில் உன் இருமல் மருந்து கொட்டிய கறை இருக்கும். இன்னொன்று கணினியில் வரைந்து அச்செடுத்த அழகான படம். அந்த அழகான படம் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் தாமதமாக.

உனக்கு இப்போது நாலரை வயது. மத்தியானச் சோறு தின்றுவிட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். நான் இரண்டு வரி எழுதுவதும், கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து உன் நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுவதுமாக இருக்கிறேன். முப்பதுக்குக் கீழே இருந்தால் அடுத்த வரி. நீ பெரியவனாகி இதைப் படிக்கும்போது உனக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும். உன் அப்பா கப்பலில் இஞ்சின் அறை வேலைக்குப் போய்விடுகிற நாட்களில் இந்த வீட்டில் நான் செய்கிற முக்கியமான வேலை இந்த எண்ணிக்கைதான்.

நாம் இருப்பது கராச்சர்மாவில், பஸ் ரோட்டிலிருந்து கீழே இறங்குகிற சரிவில். மேலே வீடு, கீழே நாலா என்கிற ஓடை. மழை இல்லாத மாதங்களில் அந்த நாலா ஒரு செருப்பு நனையும் அளவுக்கு ஓடும்; மழையில் அதன் சத்தத்தில் டிவி கேட்காது. இங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் மழைதானே. நீ பிறந்து வளர்ந்த பின்அறை பலகைச் சுவர், தகரக் கூரை. ஒவ்வொரு வருஷமும் ஜூலையில் பலகையில் கறுப்புப் புள்ளி பூக்கும். துடைப்பேன், மறுபடி பூக்கும். உன் தலையணை, உன் அங்கன்வாடிச் சட்டை, என் டிகிரி சர்டிபிகேட் வைத்திருக்கும் கவர் எல்லாவற்றிலும் ஒரே பூஞ்சை வாடை. போன வருஷம் மூன்று முறை உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூன்றாம் முறை டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்: இவன் காய்ந்த அறையில் படுக்க வேண்டும், சிமெண்டுச் சுவர், வெயில் படுகிற பக்கம் ஜன்னல், மருந்தெல்லாம் அதற்கு அப்புறம். ஆகவே ஒரு அறை வேண்டும். அடுத்த மழைக்குள் வேண்டும். எங்களுக்கு இருந்த பிரச்சினை இந்த ஒரு வரிதான்.

நான் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவள். ராமநாதபுரத்திலிருந்து துறைமுக இலாகா வேலைக்காக இந்தத் தீவுக்கு வந்த என் அப்பாவுக்குக் கொடுத்த கோட்டர்ஸ். குழாய் ஒழுகினால் பதிவேட்டில் எழுதி வைப்போம், ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போவான். எழுதிக் கேட்டால் நடக்கும் என்பது என் ரத்தத்தில் இருந்தது. பி.காம் படித்தது அதை இன்னும் கெட்டிப்படுத்தியது. உன் தாத்தா, அதாவது உன் அப்பாவின் அப்பா, நேர் எதிர். எந்த அலுவலகத்தின் வாசலையும் மிதிக்கமாட்டார். ரேஷன் கார்டில் அவர் பெயரின் முதலெழுத்தே தப்பாக இருக்கிறது, இருபது வருஷமாக. மாற்றலாமே மாமா என்றால், "அந்தப் பேருக்கும் அரிசி குடுக்குறான்ல புள்ள, பேசாம இரு" என்பார். உன் அப்பா இருவருக்கும் நடுவில். சரிவில் இருக்கிற அத்தனை பேரும் முதலில் கட்டிவிட்டு, நோட்டீஸ் வந்தால் பிறகு போய் நிற்பவர்கள்தான், நாமும் அப்படியே செய்துகொள்வோம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் முனிசிபல் கவுன்சிலில் போய் ஆலோசனை கேட்கலாம், அதற்கென்றே வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அங்கன்வாடி வாசலில் ஒரு அம்மா சொல்லிக் கேட்டிருந்தேன். சும்மா கேட்பதில் என்ன வந்துவிடப் போகிறது?

கேட்கப் போவதற்கு முந்தின நாள் டேப் வைத்து வீட்டை நானே அளந்தேன். நீ டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாய், அடிக்கடி விட்டுவிட்டாய். முன்ஹால், பின்அறை, மழைத்தண்ணீர்த் தொட்டி, கீழே நாலா ஓரத்தில் தனியாக நிற்கும் சமையலறை, எல்லாவற்றையும் காலண்டர் தாளில் வரைந்தேன். ஒன்றையும் விடவில்லை. பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி, மொத்தமும் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஜே.இ., அதாவது கவுன்சிலின் ஜூனியர் இன்ஜினியர், ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ரங்கத் பக்கத்துப் பெங்காலிக் குடும்பம் என்று அப்புறம் தெரிந்தது. நான் என் இந்தியில், விண்ணப்பம் ஒன்றும் கொண்டுவரவில்லை, கேட்டுவிட்டுப் போக வந்தேன் என்றதும் அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பஹலே பூச்னே கோன் ஆத்தா ஹை?" என்று சிரித்தாள். கட்டுவதற்கு முன்னால் கேட்க யார் வருகிறார்கள் என்று அவளுக்கு ஆச்சரியம். நாற்காலி போடச் சொன்னாள். எனக்கு மனசுக்குள் அவ்வளவு பெருமை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், புது அறை வரும் இடத்தில் பென்சிலால் தட்டினாள், வரலாம் என்றாள். அப்புறம் கீழே இருந்த சதுரத்தைக் காட்டி இது என்ன என்றாள். சமையலறை என்றேன். நாலாவிலிருந்து எவ்வளவு தூரம் என்றாள். நான் உற்சாகமாக, நாலு அடி மேடம், நானே அளந்தேன் என்றேன்.

அது அங்கே இருக்கக் கூடாது, எடுக்க வேண்டியிருக்கும் என்றாள். குரலை உயர்த்தவில்லை. இன்றைக்கு வெயில் அடிக்கிறது என்பது போலத்தான் சொன்னாள். அதற்கப்புறமும் அவள் ரொம்ப நேரம் பேசினாள், தாளில் என்னவோ போட்டுக் காட்டினாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. தண்ணீர் மோட்டார் ஓடுகிற மாதிரி காதுக்குள் ஒரு இரைச்சல். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அவள் முடித்ததும் நான் கேட்டது இரண்டே கேள்வி. நான் இன்னும் விண்ணப்பம் கொடுக்கவில்லைதானே? கொடுக்கவில்லை என்றாள். என் பெயரை எங்கேயாவது எழுதினீர்களா? இல்லை என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தாளை மடித்து உன் ஆஸ்பத்திரி நோட்டுக்குள் செருகிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். "கேக்கப் போறேன் கேக்கப் போறேன்னியே, கேட்டியா? அவுங்க ஒன்னயக் கேட்டு அனுப்பியிருக்காங்க" என்றார். அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தச் சமையலறைதான் இந்த நிலத்தில் முதலில் நின்ற கட்டிடம். சுனாமியில் கச்சால் தீவில் கடல் ஏறிய பிறகு முகாமில் கிடந்துவிட்டு, இங்கே இந்தச் சரிவை வாங்கி வந்தபோது, தற்காலிகக் கொட்டகையைப் பிரித்த தகரத்தையும் பலகையையும் வைத்து அவர் கையாலேயே எழுப்பியது. நாலாவில் தண்ணீர் இருந்ததால் நாலா ஓரத்தில் எழுப்பினார். உன் அப்பா பள்ளிக்கூடப் பாடத்தையெல்லாம் அந்த எட்டுக்குப் பத்து அடிக்குள்தான் படித்தாராம். வீடு வந்தபிறகு அது சமையலறை ஆனது. அதை எடுக்க வேண்டும் என்று யாரோ ஒருத்தி பென்சிலால் தட்டிச் சொல்கிறாள், அவளிடம் போய்க் காட்டிக்கொடுத்தவள் வீட்டு மருமகள்.

யோசித்துப் பார், தம்பி. கேட்காமல் கட்டலாம் என்றால், இப்போது ஜே.இ.க்கு நம் வீடு தெரியும். பெயர் எழுதாவிட்டாலும் முகம் தெரியும். கேட்டுக் கட்டலாம் என்றால் சமையலறை போகும், தாத்தா உடைந்துபோவார். ஒன்றும் வேண்டாம் என்று விட்டால் ஜூலை வரும், பலகை பூக்கும், நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பகலெல்லாம் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே துணி துவைத்தேன், அரிசி களைந்தேன். போகாமலே இருந்திருந்தால் இந்த மூன்றில் ஒன்றாவது திறந்திருக்கும். என் நேர்மையால்தான் மூன்றும் அடைபட்டன என்று தோன்றியபோது எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்த வெறுப்பிலிருந்துதான் அந்த யோசனை வந்தது. வேறு யாருடையதும் இல்லை, என்னுடையது.

சமையலறையைப் பிரித்துவிடலாம். ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது; ஜே.இ. கேட்டாலும் சொன்னபடி எடுத்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பார்த்து, அனுமதி கொடுத்துப் போனதும் திரும்ப நிறுத்திக்கொள்ளலாம். பலகைதானே. இதைச் சொன்னபோது தாத்தா முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார். "படிச்ச புள்ளைக்கு இப்பத்தான் மூள வேல செய்யுது" என்றார். உன் அப்பா கப்பலிலிருந்து மூன்று நாள் விடுப்பில் வந்தபோது காலையில் ஆரம்பித்து சாயங்காலத்துக்குள் பிரித்துவிட்டார்கள். தாத்தாவுக்கு இதில் பழக்கம் உண்டு. ஒவ்வொரு பலகையிலும் கரிக்கட்டியால் எண் போட்டார், வடக்குச் சுவருக்கு ஒரு கோடு, தெற்குச் சுவருக்கு இரண்டு கோடு. மொத்தம் அறுபத்து மூன்று பலகை. நீ பின்னாலேயே போய் எண்ணைச் சத்தமாகப் படித்தாய். முப்பத்தொன்பதுக்குப் பிறகு தடுமாறினாய். எல்லாவற்றையும் தொட்டியின் பக்கத்தில் அடுக்கி நீலத் தார்ப்பாய் போட்டு மூடினோம். நக்ஷா, அதாவது வீட்டுப் படம், வரைகிற பாபுவிடம் சமையலறை இல்லாத வீட்டைச் சொன்னேன், அவர் வரைந்தார். நாலாவுக்கும் வீட்டுக்கும் நடுவே காலி இடம் என்று எழுதினார். பட்டா தாத்தா பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடிகூடப் போடாமல் போட்டார். அலுவலகத்துக்குப் பொய் சொல்வதில் அவருக்குத் தயக்கமே இல்லை. உண்மை சொல்வதில்தான் பயம். அது ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

இரண்டு வாரத்துக்குள் ஆய்வுக்கு ஆள் வரும் என்றார்கள். முதல் வாரம் முடிவதற்குள் புயல் மழை பிடித்துக்கொண்டது. தீவெங்கும் சரிவுகளில் மண் சரிந்தது, ரோடு அடைத்தது. அலுவலகத்தில் இருந்தவர்களையெல்லாம் அந்த வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நியாயம்தானே. நம் அறைக்காக யார் வர முடியும்? இரண்டு வாரம் ஐந்து வாரமானது. இந்த ஐந்து வாரமும் முன்ஹாலில், பூஞ்சைக்குப் பயந்து அங்கே இழுத்துப் போட்டிருந்த உன் கட்டிலிலிருந்து ஆறடி தூரத்தில் அடுப்பு. தாளிக்க முடியாது, நீ இருமுவாய். மீன் பொரிக்க முடியாது. மிளகாய் வறுக்க முடியாது. வேகவைத்ததையே தின்றோம். தாத்தா தட்டைப் பார்த்து, "யாருக்கு ஒடம்பு சரியில்ல, இவனுக்கா எனக்கா?" என்பார். ஜன்னல்களைத் திறந்தால் சாரல், மூடினால் ஆவி. பலகையைத் திரும்ப நிறுத்தலாம் என்றால் நாளைக்கே ஆள் வந்துவிட்டால்? எப்போது வருவீர்கள் என்று போய்க் கேட்கலாம் என்றால், எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டுவிட்டால்? குற்றம் செய்தவளால் கேள்வி கேட்க முடியாது என்பதை அந்த ஐந்து வாரத்தில் கற்றேன். தார்ப்பாயைத் தாண்டி யாராவது சரிவில் இறங்கி வந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவேன். மீன்காரராகத்தான் இருக்கும்.

ஆறாவது வாரம் உனக்கு இழுப்பு வந்தது. விலாவெலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடி என்றாள். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். நீ தணிந்த பிறகு அதே டாக்டர் கேட்டார், இவன் தூங்குகிற அறையில் சமைக்கிறீர்களா என்று. நான் இல்லை என்றேன்.

அந்த இல்லையைச் சொன்னதும் என்னவோ ஆகிவிட்டது எனக்கு. கவுன்சிலுக்குச் சொன்ன பொய் ஒரு சதுரத்தைப் பற்றியது. இது உன் மூச்சைப் பற்றியது. டாக்டர் என்னை நம்பி, அப்படியானால் வேறு காரணம் தேட வேண்டும், ரத்தம் எடுக்கலாம் என்று எழுத ஆரம்பித்தார். நான் மறுபடி வாயைத் திறந்து, சமைக்கிறோம் டாக்டர், கொஞ்ச நாளாகத்தான் என்றேன். அவர் எழுதியதை அடித்தார். திட்டவில்லை. வெளியே வந்தால் கராச்சர்மா பஸ் நின்றுகொண்டிருந்தது. ரோட்டின் எதிர்ப்பக்கம் கவுன்சில் வழியாகப் போகிற பஸ். நீ என் தோளில் மருந்து வாடையோடு தூங்கிக்கொண்டிருந்தாய். நான் ரோட்டைக் கடந்தேன்.

ஜே.இ. மண் ஒட்டிய ரப்பர் பூட்ஸோடு மேஜையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறை, தார்ப்பாய், கரி எண், காலி இடம். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், நடக்கவில்லை. அவள் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு நான் பென்சிலால் போட்டுக் காட்டினேனே, அந்தத் தாள் எங்கே என்று மட்டும் கேட்டாள். உன் ஆஸ்பத்திரி நோட்டை எடுத்தேன். அதற்குள்தான் இருந்தது, இரண்டு மாதமாக, நான் ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதும் என் பையிலேயே. பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

புது அறைக்குப் பக்கத்தில், அதன் சுவரை ஒட்டி, பென்சிலால் புள்ளிப்புள்ளியாக ஒரு சதுரம். அதற்குள் சின்ன அடுப்பு. ஜன்னல் உன் அறைக்கு எதிர்த்திசையில். சமையலறையின் பழைய இடத்திலிருந்து ஒரு அம்புக்குறி அங்கே போகிறது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அன்று அவள் ரொம்ப நேரம் பேசியது இதைத்தான். எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எடுத்து எங்கே வைக்கலாம் என்று அரைமணி நேரம் எனக்காக யோசித்திருக்கிறாள். புது அறை பன்னிரண்டு அடியிலிருந்து ஒன்பதாகக் குறையும், தாத்தாவின் இரண்டு கமுகு மரங்கள் போகும், ஆனால் அதே பலகையை வைத்தே நிறுத்தலாம். ஆலோசனை கேட்கப் போனவள் ஆலோசனையை மட்டும் கேட்காமல் வந்திருக்கிறேன். "டர் கயே தே ஆப்" என்றாள். ஆமாம், பயந்துதான் போயிருந்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. பழைய படம் தவறு என்று எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும், புது விண்ணப்பம் போட வேண்டும், இரண்டிலும் நில உரிமையாளர் கையெழுத்து. கிடைக்குமா என்றேன். சொல்ல முடியாது, நான் சொல்வது ஆலோசனைதான், முடிவு மேலே எடுப்பார்கள் என்றாள். இனி சமையலறை இருந்தது என்பது ஃபைலில் ஏறிவிடும், மறைக்க வழி கிடையாது என்றும் சொன்னாள். முதல்முறை இதைக் கேட்டிருந்தால் மறுபடியும் காது அடைத்திருக்கும். இந்த முறை ஒரு தாள் வாங்கி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன், எழுதியதை அவளிடமே படித்துக் காட்டினேன்.

தாத்தா கையெழுத்துப் போட மறுத்தார். பொய்ப் படத்துக்குக் கண்ணாடி போடாமல் போட்டவர், உண்மைப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்பது நாள் பார்த்தார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். ஒன்பதாம் நாள் நீ முகமூடியோடு அவர் மடியில் உட்கார்ந்து மருந்தை இழுத்துக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமல், உன் தலைக்கு மேலே சொன்னார்:

"நா எங்கெல்லாம் நெசமாப் பேரு குடுத்தேனோ, அங்கெல்லாம் இருந்து அனுப்பிட்டாங்க புள்ள. அக்கரைத் தேயிலத் தோட்டத்துல லயத்துக்கு, நாங்க இருந்த லைன் வீட்டுக்கு, வந்து பேரு எழுதுனாங்க, எங்கப்பா எல்லார் பேரையும் சொன்னாரு, கப்பல்ல ஏத்துனாங்க. மண்டபம் முகாம்ல எழுதுனாங்க, கச்சாலுக்கு ஏத்துனாங்க. கச்சால்ல கடல் வந்தப்பறம் எழுதுனாங்க, இங்க கொண்டாந்தாங்க. இங்க வந்துதான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம இருக்கேன். இருவது வருசமா இருக்கேன்ல?"

என் அப்பா வீட்டில் எழுதிக் கேட்டால் ஆள் வந்து குழாயைச் சரி செய்தான். இவர் வீட்டில் எழுதினால் கப்பல் வந்தது. ரேஷன் கார்டில் தப்பாக இருக்கும் அந்த முதலெழுத்தை அவர் ஏன் மாற்றவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதன்பிறகு நான் கையெழுத்துப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லவில்லை. "நானும் ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு அப்பறம் பாக்கலாம்" என்றார்.

அவரும் நானும் நீயுமாக மூன்று பேரும் போனோம். நாற்காலி கொடுத்தும் அவர் உட்காரவில்லை. ஜே.இ. காகிதத்தைத் தள்ளி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். அவர் அதைத் தொடாமல், அவருடைய தோட்டத்துத் தமிழ் கலந்த இந்தியில், இதில் கையெழுத்துப் போட்டால் எங்களை இங்கிருந்து வேறெங்கும் அனுப்பிவிட மாட்டீர்களே என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. அது அவர் கேள்வி. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பாபா, அனுமதி கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் இந்தக் காகிதம் சமையலறைக்கு, ஆட்களுக்கு இல்லை என்றாள். அவர் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது போல நின்றார். "எழுதித் தர மாட்டாங்கன்னு தெரியும்" என்று என்னிடம் தமிழில் சொன்னார், "வாயாலயாவது சொன்னாளே." கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, இரண்டாவது தாளிலும் போட வேண்டுமா என்று அவரே கேட்டார்.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. வரும்வரை புது இடத்தில் ஒரு பலகையும் நிறுத்தக் கூடாது, பழைய இடத்திலும் கூடாது. அடுப்பு இன்னும் உன் கட்டிலுக்கு ஆறடியில்தான் இருக்கிறது. வெளியே தார்ப்பாய் மழையில் படபடக்கிறது, கரி எண்கள் அழிந்திருக்குமோ என்று ஒரு பயம், அனுமதி மறுத்துவிடுவார்களோ என்று ஒரு பயம், ஜூலைக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஒரு பயம். நீ இதைப் படிக்கும்போது முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். நீ படுத்து வளர்ந்த அறை ஒன்பதடியா, அப்படி ஒரு அறையே வரவில்லையா என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெரியாமல் எழுதுவதால்தான் இதை நம்பு. எல்லாம் நல்லபடி முடிந்தபிறகு எழுதியிருந்தால் நான் புத்திசாலி மாதிரி எழுதியிருப்பேன்.

நீ எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் போய்க் கேள். கேட்கும்போது உள்ளதை உள்ளபடி வரைந்து எடுத்துக்கொண்டு போ. அவர்கள் சொல்வதில் பயமான வார்த்தை வரும். அந்த வார்த்தையோடு எழுந்து வந்துவிடாதே, உட்கார்ந்து மீதியையும் கேள். தனியாகப் போகாதே. உன்னைவிட அதிகமாகப் பயப்படுகிற ஒருவர் வீட்டில் இருப்பார், அவரையும் கூட்டிக்கொண்டு போ, அவருடைய கேள்வியையும் கேட்க விடு.

முப்பத்திரண்டு. கொஞ்சம் பொறு, தலையணையை உயர்த்தி வைத்துவிட்டு வருகிறேன்.

சரியாகிவிட்டது. கடைசியாக ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. தாத்தா காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, டேப்போடு போய், பென்சில் புள்ளி இருந்த இடத்திலெல்லாம் தரையில் குச்சி நட்டுக் கயிறு கட்டினார். பலகை நிறுத்தக் கூடாது என்றார்கள், கயிறு கட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்றார். அறை இவ்வளவு, சமையலறை இவ்வளவு, வாசல் இங்கே. வாசலுக்கு மட்டும் கயிறு இல்லாமல் விட்டார். நீ உள்ளே போய் ஈரத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாய். நான் கயிற்றைத் தாண்டி வரப் போனேன்; வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று கத்தினாய், சுற்றி வந்தேன். தாத்தா டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்து, அந்தக் கயிறில்லாத இடைவெளிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"உள்ள வரலாங்களா?" என்றார் உன்னிடம்.

நீ அந்த ஜே.இ. அக்கா மாதிரியே கையை மேஜைமேல் வைப்பது போல வைத்துக்கொண்டு, அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாய். "இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றாய்.

அவர் நின்றார். கமுகு மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீ சொல்லும்வரை அவர் அசையவில்லை, தம்பி.

அம்மா